'கிளீவ்': பிளப்பதா, ஒட்டுவதா? ஒரே வினைச்சொல்லா, இரண்டா?

கடைக்கோடி எழுதியது:

ஆங்கிலப் பிரசங்கத் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டு நடை. பிரசங்கியார் பேச்சோடு பேச்சாக பைபிள் வசனங்களைக் கோத்துக்கொண்டே போகிறார். எல்லாம் 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. எந்த அதிகாரம், எந்த வசனம் என்று சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. நான்தான் தேடிப் பிடிக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. 'கிளேவ்' என்ற ஒரு சொல்தான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. 'கிளீவ்' என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம் என்கிறது அகராதி.

ஆபிரகாம் பலிக்கான கட்டைகளை 'கிளேவ்' செய்தார் என்று ஓரிடத்தில் வருகிறது. பிளந்தார், சரி. அடுத்த பக்கத்தில் ரூத் தன் மாமியாரை 'கிளேவ்' செய்கிறாள். தமிழ் பைபிளைப் பார்த்தால் "ரூத்தோ அவளை விடாமல் பற்றிக்கொண்டாள்" என்று இருக்கிறது. இதுவும் சரி என்று வைத்துக்கொண்டேன். பிறகு எலெயாசார் என்ற வீரன் வருகிறான். பெலிஸ்தரோடு போரிட்டுக் கை ஓய்ந்துபோகிறது. அந்தக் கை வாளை 'கிளேவ்' செய்கிறது. கையும் வாளும் ஒரே வாக்கியத்தில் இருக்கும்போது, ஒட்டியதா வெட்டுப்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்னோடு வேலை செய்பவர் ஒருவர், "ஆங்கிலச் சொற்கள் சில காலப்போக்கில் நேர் எதிர்ப்பொருளுக்கு மாறிவிடும், இதுதான் அதற்குப் பெயர்போன உதாரணம்" என்கிறார். ஒரு சொல் எப்படி இப்படித் தலைகீழாக முடியும்? இன்றைய ஆங்கிலத்தில் இதற்குச் சரியான இறந்தகாலம் எது என்பதும் தெரிந்தால் நல்லது. நான்கைந்து வடிவங்களைப் பார்த்துக் குழம்பிவிட்டேன்.

அரைப்புள்ளி பதில்:

இரண்டு சொற்கள். இதில் சந்தேகமே வேண்டாம்.

இருமொழி அகராதிக்கு மெய்ப்புப் பார்த்தே கண்ணாடி தடித்துப்போனவன் நான். 'எதிரெதிர்ப் பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள்' என்று பட்டியல் போடுகிறவர்கள் இந்தச் சொல்லைத்தான் முதல் வரியில் வைப்பார்கள். படிக்கிறவர்களும் ஒரே சொல் குட்டிக்கரணம் அடித்துவிட்டது என்று வியந்துவிட்டுப் போய்விடுவார்கள். நல்ல அகராதி எதையாவது திறந்து பாருங்கள். தலைச்சொல்லின் தோளில் பொடி எழுத்தில் 1, 2 என்று எண் போட்டு இரண்டு தனிப் பதிவுகளாகக் கொடுத்திருப்பார்கள். 'எழுத்து ஒன்று, பிறப்பு வேறு' என்பதற்கான அடையாளம் அது. அந்தப் பொடி எண் இடம் மாறிவிடாமல் காப்பதற்கு என் போன்றவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறோம். வாசகர் ஒருவராவது அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சுமார் 1100-க்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்கு 'கிளேயோஃபன்' என்ற வினை இருந்தது, ஒட்டிக்கொள்வதற்கு 'கிளிஃபியன்'. இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை. முதலாவதன் குடும்பம் கிரேக்கம் வரை போகிறது. அங்கே செதுக்குவதைக் குறிக்கும் வினைக்கு அதே வேர்தான். எகிப்தியச் சித்திர எழுத்தை 'ஹைரோகிளிஃப்' என்கிறோமே, அதன் பின்பாதி அந்தக் கிரேக்க வினையிலிருந்து வந்தது. இரண்டாவதன் குடும்பத்தில் எல்லாமே பிசுபிசுப்பு: களிமண்ணைக் குறிக்கும் 'கிளே', பசையைக் குறிக்கும் 'குளூ' இரண்டும் அதற்குத் தூரத்து உறவு. ஜெர்மன் மொழியில் ஒட்டுவதற்கு இன்றும் 'கிளேபன்'. பிளப்பதற்கான 'கிளீபன்' அருகிப்போய்த் தெற்கத்திய வழக்குகளில் மிஞ்சியிருக்கிறது. டச்சிலும் இதே ஜோடி, தனித்தனி உயிரொலியோடு. உயிரொலியைக் கைவிட்டு இரண்டையும் ஒன்றாக்கியது ஆங்கிலம்தான்.

அந்தக் காலத்தில் இந்த இரு வினைகளையும் யாரும் குழப்பிக்கொண்டிருக்க முடியாது. ஒலி வேறு என்பதோடு இறந்தகாலம் அமைந்த முறையும் வேறு. பிளப்பது, உயிரொலியை மாற்றி இறந்தகாலம் காட்டும் பழைய வகை. உறைவதைக் குறிக்கும் 'ஃபிரீஸ்' எப்படி 'ஃபுரோஸ்', 'ஃபுரோசன்' என்று போகிறதோ, அப்படி 'கிளோவ்', 'கிளோவன்' என்று போனது. ஒட்டுவது, பின்னால் விகுதி சேர்த்து இறந்தகாலம் காட்டும் எளிய வகை: 'கிளீவ்டு'.

தமிழில் 'படி' என்று வேரை மட்டும் சொன்னால் தூசியா புத்தகமா என்று தெரியாது. 'படிந்தது', 'படித்தது' என்றதும் தெளிந்துவிடும். வேர் மறைப்பதை இறந்தகாலம் காட்டிக்கொடுக்கும். பழைய ஆங்கிலத்தில் வேரும் வேறு, இறந்தகாலமும் வேறு, இரட்டைப் பாதுகாப்பு. பிறகு ஒலி மாற்றங்களால் வேர்கள் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கின. இடைக்கால ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே உச்சரிப்பு. முதல் வேலி விழுந்தது. அதன் பின் இறந்தகால வடிவங்களும் ஒன்றன் வீட்டுக்குள் மற்றொன்று புக ஆரம்பித்தன. தமிழில் 'மேசைமேல் தூசி படித்தது' என்று எல்லோரும் எழுதத் தொடங்கினால் எப்படி இருக்குமோ, அந்த நிலை. போதாக்குறைக்கு, 'லீவ்', 'லெஃப்ட்' ஆவதைப் பார்த்து 'கிளெஃப்ட்' என்று ஒன்று கிளம்பியது. 'கிளேவ்' என்று இன்னொன்று. நீங்கள் பார்த்த நான்கைந்து வடிவங்கள் இப்படிச் சேர்ந்த கூட்டம்தான்.

இதில் 'கிளேவ்' இருக்கிறதே, அது இரண்டு வீட்டிலும் சாப்பிட்ட பிள்ளை. கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் இரு பொருளிலும் அதைக் கூச்சமில்லாமல் எழுதினார்கள். மூலமான எபிரேயத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. ஆபிரகாமின் விறகுக்கு 'பாகா' என்ற வினை. ரூத்துக்கும் எலெயாசாரின் கைக்கும் 'தாவாக்'. இந்த இரண்டாவது வேரிலிருந்து வந்த 'தெவெக்' என்ற சொல்தான் இன்றைய எபிரேயத்தில் பசைக்குப் பெயர். தமிழ் மொழிபெயர்ப்பும் 'பிளந்து' என்றும் 'பற்றிக்கொண்டாள்' என்றும் தெளிவாகப் பிரித்துவிட்டது. நடுவில் இருந்த ஆங்கிலம்தான் இரண்டையும் ஒரே உறையில் போட்டது.

உறையைப் பிரிப்பது எப்படி? வினையை உற்றுப் பார்த்துப் பயனில்லை. அதன் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். ஒட்டும் பொருளில் வந்தால் பின்னாலேயே 'டூ' அல்லது 'அன்டூ' வரும். பிளக்கும் பொருளில் வந்தால் நேராகச் செயப்படுபொருள் வரும்: விறகு, பாறை, நிலம். செயப்படுபொருள் இல்லாமல் தானாகப் பிளந்தது என்று சொல்லவேண்டிய இடத்தில் 'அசண்டர்' (துண்டாக, வெவ்வேறாக) போன்ற ஒரு சொல்லைக் காவலுக்கு நிறுத்துவார்கள். எண்ணாகமம் 16-இல் கோராகின் கூட்டத்தாருடைய காலடியில் பூமி பிளக்கும் இடத்தில் அப்படித்தான் இருக்கிறது.

எலெயாசாரின் வசனம் 2 சாமுவேல் 23-இல் வருகிறது. அங்கே 'அன்டூ' இருக்கிறதா? இருக்கிறது. ஆகவே கை வெட்டுப்படவில்லை. பிடித்த பிடியிலேயே விரல்கள் விறைத்து, கை வாளின் பிடியோடு ஒட்டிக்கொண்டது. போர் முடிந்த பிறகும் விரல்களைப் பிரிக்க முடியாத அளவுக்கு அவன் போரிட்டிருக்கிறான். வெட்டு என்று மொழிபெயர்த்தால் ஒரு விபத்து மட்டும்தான் மிஞ்சும்.

ஷேக்ஸ்பியரும் இரண்டையும் எழுதினார். ஹாம்லெட்டின் தாய், தன் நெஞ்சை அவன் இரண்டாகப் பிளந்துவிட்டதாகச் சொல்லும்போது அவள் வாயில் வருவது 'கிளெஃப்ட்'. அப்படியானால் கெட்ட பாதியைத் தூக்கி எறிந்துவிடு என்கிறான் மகன். மாக்பெத்துக்குப் புதுப் பட்டம் கிடைத்ததும் பாங்கோ சொல்வது இதற்கு எதிர்ப்பக்கம்: புது உடை உடுத்தப் பழகிய பிறகுதான் உடம்போடு படியும், பதவியும் அப்படித்தான் என்று. அங்கே படிவதற்கு 'கிளீவ்', கூடவே 'டூ'.

இன்றைய இறந்தகாலத்தைப் பற்றி: வடிவங்கள் பாகம் பிரித்துக்கொண்டுவிட்டன. ஒட்டும் பொருளுக்கு 'கிளீவ்டு' மட்டும். பிளந்த குளம்பென்றால் 'கிளோவன்'. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு என்றால் 'கிளெஃப்ட்'. இவற்றை இடம் மாற்றினால் ஆங்கிலேயர் காதுக்கு உறுத்தும். காரணம் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. பிளந்த கழிக்குள் மாட்டிக்கொண்டான் என்று ஒரு மரபுத்தொடர் உண்டு, அதிலும் 'கிளெஃப்ட்'தான். எந்தப் பக்கமும் நகர முடியாத நிலையில் இருப்பவனைச் சொல்வது. ஆப்பசைத்த குரங்கின் கதையை அறிந்த நமக்கு விளக்கம் தேவையில்லை.

ஆய்வகத்தான் பதில்:

அரைப்புள்ளி ஐயா சொன்னதில் ஒரு பாகம் விடுபட்டிருக்கிறது. இந்த வினையை அருங்காட்சியகப் பொருள் போலப் பேசுகிறீர்கள். நாங்கள் அன்றாடம் புழங்கும் சொல் அது.

நொதிகள் புரதத்தைத் துண்டிப்பதற்கு 'கிளீவ்' என்றுதான் எழுதுவோம். டிரிப்சின் என்ற நொதி எங்கே துண்டிக்கும் என்று கேட்டால், லைசின் அல்லது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்கு அடுத்த பிணைப்பில். டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் துண்டிக்கும் கேஸ்-9 புரதத்துக்கும் அதே வினை. வேதியியலில் பிணைப்பு முறிவதற்கு 'கிளீவேஜ்'. கருவுற்ற முட்டை, மொத்தப் பருமன் கூடாமலே இரண்டு, நான்கு, எட்டு என்று பிளவுபட்டுக்கொண்டு போகும் தொடக்கக் கட்டத்துக்கும் அதே பெயர்.

எங்களிடம் ஒரே ஒரு இறந்தகாலம்தான்: 'கிளீவ்டு'. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்போது செயல்படும் காஸ்பேஸ்-3 என்ற நொதி, துண்டிக்கப்பட்ட பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். துண்டிக்கப்பட்ட வடிவத்தை மட்டும் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. குப்பியின்மேல் 'கிளீவ்டு' என்று அச்சிட்டிருக்கும். 'கிளோவன்' என்று எழுதினால் நொதிக்குக் குளம்பு முளைத்துவிட்டதோ என்று சிரிப்பார்கள்.

ஒட்டும் பொருளில் எங்கள் துறையில் யாரும் இதை எழுதுவதில்லை. ஒட்டுவதற்கு 'பைண்ட்', 'அட்ஹியர்' என்று வேறு சொற்கள் இருக்கின்றன. அதனால் எங்களுக்குக் குழப்பமும் கிடையாது.

பட்டைக்கல் பதில்:

வைரத்தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் நானும் ஒரு வார்த்தை. வைரத்தை அறுப்பது வேறு, 'கிளீவ்' செய்வது வேறு. வைரத்துக்குள் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு. அந்தத் திசையில் தட்டினால் உலகின் மிகக் கடினமான பொருள் கண்ணாடிபோல வழவழவென்று இரண்டாகும். திசை தப்பினால் சிதறும்.

முறை இதுதான். கல்லைப் பசையால் ஒரு கோலின் நுனியில் பதிப்பார்கள். இன்னொரு வைரத்தின் கூர்முனையால் அதன்மேல் தேய்த்து, கோணம் பார்த்து ஒரு சிறு பள்ளம் எடுப்பார்கள். கையைவிட நேரத்தை அதிகம் தின்னும் வேலை இது. பிறகு எஃகுத் தகடு ஒன்றை அந்தப் பள்ளத்தில் செங்குத்தாக நிறுத்துவார்கள். தகட்டின் விளிம்பு மழுங்கியதாக இருக்கவேண்டும், ஏனென்றால் அது வெட்டுவதற்கு வரவில்லை. பள்ளத்தின் இரு சுவர்களையும் விலக்கித் தள்ளுவதற்கு வந்திருக்கிறது. மேலே ஒரே தட்டு.

1905-இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரம் 3,106 காரட், அதாவது 600 கிராமுக்கும் மேல். 1908-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் அஷர் அதை இப்படித்தான் பிளந்தார். முதல் தட்டில் உடைந்தது தகடு. கல் அசையவில்லை. அடுத்த தகடு வைத்துத் தட்டியபோதுதான் பிளந்தது. பிளந்ததும் அவர் மயங்கி விழுந்தார் என்றொரு கதை உலவுகிறது. அந்தத் தொழில் செய்த குடும்பத்தார் அதை ஏற்கவில்லை, நானும் நம்பவில்லை. இப்போதெல்லாம் ரம்பமும் லேசரும் வந்து இந்த வேலையைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிட்டன.

ஆய்வகத்தான் தன் துறைக்குக் குழப்பமில்லை என்றார். பிளக்கும் முன் கல்லைக் கோலில் ஒட்டவேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

கடைக்கோடி பதில்:

அனைவருக்கும் நன்றி. எலெயாசாரின் விரல்களை இனி மறக்க மாட்டேன். மேலும் மூன்று சந்தேகங்கள்.

இறைச்சி வெட்டும் கனமான கத்திக்கு 'கிளீவர்' என்று பெயர். 'கிளீவர்ஸ்' என்று ஒரு செடியும் இருக்கிறது. செடி எதைப் பிளக்கிறது? அடுத்தது, கிராம்புக்கும் பூண்டுப் பல்லுக்கும் ஒரே ஆங்கிலப் பெயர் 'கிளோவ்'. அதுவும் இந்தக் குடும்பமா? மூன்றாவது, ஒட்டும் பொருள் ஏன் இப்படி மங்கிப்போனது?

ஒரு சிக்கலும் புதிதாக முளைத்திருக்கிறது. பிரசங்கியார் ஓரிடத்தில் வேண்டுமென்றே விளையாடியிருக்கிறார். வனாந்தரத்தில் பாறையைப் பிளந்து தண்ணீர் தந்த கடவுளைச் சொல்லி, அப்படிப் பிளந்தவரை விடாமல் பற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். பிளப்பதற்கும் பற்றுவதற்கும் அதே வினையையே எடுத்திருக்கிறார். தமிழில் என்ன செய்வது? அடிக்குறிப்புப் போடலாமா?

அரைப்புள்ளி பதில்:

செடி எதையும் பிளப்பதில்லை. அது ஒட்டும் குடும்பம். தண்டிலும் காயிலும் கொக்கிபோன்ற பொடி மயிர்கள் இருக்கும். கடந்துபோகிறவர் துணியிலும் விலங்கின் ரோமத்திலும் தொற்றிக்கொண்டு விதை பரப்பும். கத்தி பிளக்கும் குடும்பம். கிட்டத்தட்ட ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரு குடும்பமும் எதிரெதிர் வேலை செய்கின்றன.

பூண்டுப் பல்லின் 'கிளோவ்' பிளக்கும் குடும்பம்தான், பிளந்து பிளந்து நிற்பதால். கிராம்பின் 'கிளோவ்' அந்நியன். ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கிராம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஆணிதான்.

ஒட்டும் பொருளைப் பற்றி. ஆதியாகமம் 2:24-இல், மனிதன் தாய் தந்தையரை விட்டு மனைவியோடு இசைந்திருப்பான் என்ற இடத்தில் 1530-இல் பைபிளை ஆங்கிலமாக்கிய டிண்டேல் 'கிளீவ்' என்று எழுதினார். கிங் ஜேம்ஸ் அதையே வைத்துக்கொண்டது. 1952-இல் வந்த திருத்தப்பட்ட மொழிபெயர்ப்பிலும் அது இருக்கிறது. அதன்பின் வந்தவை ஒவ்வொன்றாகக் கைவிட்டன: ஒன்றில் 'இணைக்கப்பட்டு', இன்னொன்றில் 'இறுகப் பற்றி'. 'ஸ்டிக்', 'கிளிங்' என்று சந்தேகத்துக்கு இடமில்லாத சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, மனைவியைப் பற்றுவதா பிளப்பதா என்று கேட்பவரை ஒரு கணம் திகைக்க வைக்கும் சொல்லை யார் சுமந்துகொண்டிருப்பார்கள்? எனக்கு அதில் வருத்தம்தான். 'ஸ்டிக்' என்றால் ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. பழைய சொல்லில் பிடிவாதமும் விசுவாசமும் சேர்ந்தே வரும்.

இப்படி மோதிக்கொண்ட சொற்கள் எல்லாமே நலிந்துவிடவில்லை. தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் 'கிளிப்', தழுவுவதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். நகத்தைக் கத்தரிக்கும் 'கிளிப்', வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. இரண்டும் நலமாக இருக்கின்றன. 'லெட்' என்பதற்குத் தடுப்பது என்ற பொருளும் ஒருகாலத்தில் இருந்தது. அனுமதிப்பதைக் குறிக்கும் 'லெட்' பழைய ஆங்கிலத்தில் வேறு வினை. தடுக்கும் 'லெட்' ஏறக்குறைய செத்துவிட்டது. சட்ட வாசகங்களிலும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கங்களிலும் 'தடங்கலின்றி' என்பதற்கான தொடரில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

உங்கள் பிரசங்கியாரின் விளையாட்டுக்கு அடிக்குறிப்பு வேண்டாம். பிரசங்கம் காதால் கேட்பதற்கு எழுதியது. காதுக்கு அடிக்குறிப்பு கிடையாது. ஒரே சொல்லை இரு பொருளில் ஆளத் தமிழில் இங்கே வழியில்லை, ஆனால் மோனை இருக்கிறது. பற்றுவதை நேராகச் சொல்லாமல் பிரியாமை என்று திருப்பிப் போடுங்கள். 'பாறையைப் பிளந்தவரைப் பிரியாதிருங்கள்.' பிள, பிரி இரண்டும் ஒரே ஜாடையில் இருப்பதால் கேட்பவருக்கு ஒரு சிறு இடறல் கிடைக்கும். மூலத்தில் கிடைப்பதும் அதுபோன்ற இடறல்தான்.

கடைக்கோடி பதில்:

'பிரியாதிருங்கள்' என்பதை எடுத்துக்கொள்கிறேன். முன்னால் 'அன்று' என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறேன்: 'அன்று பாறையைப் பிளந்தவரைப் பிரியாதிருங்கள்.' அடுத்த பிரசங்கத்தில் 'கிளேவ்' இல்லை. 'ஸ்மோட்' இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.